மாலத்தீவின் விடுமுறைத் தீவுகள்

மாலத்தீவின் விடுமுறைத் தீவுகள் என்பவை, ஊர் மக்கள் குடியிராத சிறு பவளத்தீவுகளில் தீவுக்கு ஒன்றாக அமைக்கப்பட்ட சுற்றுலா விடுதிகள். 1972-ல் இவை தொடங்கின. கணவனும் மனைவியுமாக வந்து சில நாள்கள் கடற்கரையில் ஓய்வெடுத்துத் திரும்புவோருக்கும், தேனிலவுக்கு வருவோருக்கும் உரிய இடங்களாக இன்று உலகெங்கும் அறியப்படுகின்றன. இத்தீவுகளின் தனிமை இயற்கையாகவே அமைந்தது என்று வருபவர்கள் எண்ணுவதுண்டு. உண்மையில் அது அரசின் கொள்கையாலும் சட்டத்தாலும் உருவாக்கப்பட்டது. நாட்டுக்கு வருவாயைக் கொண்டுவந்தது இந்த ஏற்பாடுதான். நாட்டு மக்களையும் வரும் விருந்தினரையும் பல ஆண்டுகள் ஒருவரையொருவர் பாராமல் வைத்திருந்ததும் இதுவே.

நிலமும் மக்களும்

இந்தியாவுக்கும் இலங்கைக்கும் தென்மேற்கில் ஏறத்தாழ 1,190 பவளத்தீவுகளைக் கொண்ட நாடு மாலத்தீவு. அவற்றில் சுமார் 200 தீவுகளில் மட்டுமே ஊர்கள் உள்ளன. தீவுகள் வளையங்களாக அமைந்திருக்கின்றன. இந்த வளையத்தைக் குறிக்க உலகம் வழங்கும் 'அடோல்' என்ற சொல் மாலத்தீவின் திவெகி மொழியிலிருந்து சென்றது. நிலம் கடல் மட்டத்துக்கு மேல் சராசரியாக ஒன்றரை மீட்டர் உயரமே உள்ளது.

சோழியும் கயிறும் உலர்ந்த சூரை மீனும் பல நூற்றாண்டுகளாக இத்தீவுகளின் ஏற்றுமதிப் பொருள்கள். தமிழர் சமையலில் மாசி எனப்படும் மீன் இங்கிருந்தே பெருமளவில் இலங்கைக்குச் சென்றது. தீவு மக்களுக்குக் கடற்கரை என்பது வேலை நடக்கும் இடம். படகு கட்டுவதும், மீன் இறக்குவதும், தேங்காய் மட்டையை மண்ணில் ஊறவைப்பதும் அங்குதான். வெயிலில் மணல்மேல் படுத்துக் கிடப்பது அவர்கள் வழக்கத்தில் இல்லை. மாலை ஓய்வுக்கு மரநிழலில் கட்டிய ஊஞ்சலும், 'ஜோலி' எனப்படும் கயிற்றுப் பின்னல் இருக்கையும் இருந்தன.

கடற்கரையை ஓய்விடமாகக் கொள்ளும் பழக்கம் ஐரோப்பாவில் வளர்ந்தது. 18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்து மருத்துவர்கள் கடல்நீராடலை மருந்தாகப் பரிந்துரைத்தனர். வெயிலில் தோல் கறுப்பது அழகு என்ற எண்ணம் 1920களில்தான் பரவியது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஊதியத்துடன் கூடிய விடுப்பும் விமானப் பயணமும் பெருகின. குளிர்நாட்டு நடுத்தர வகுப்பினர் வெப்பமண்டலத் தீவுகளைத் தேடத் தொடங்கியது அதன் பிறகுதான்.

தொடக்கம்: 1972

மாலத்தீவு 1965-ல் பிரிட்டனிடமிருந்து முழு விடுதலை பெற்றது. மாலேவுக்கு அருகிலுள்ள ஹுலுலே தீவில் 1966-ல் சிறு விமான ஓடுதளம் திறக்கப்பட்டது. அக்காலத்தில் ஐக்கிய நாடுகள் அமைப்பு சார்பில் வந்த வல்லுநர்கள், மின்சாரமும் தொடர்பு வசதியும் இல்லாத இந்நாடு சுற்றுலாவுக்கு ஏற்றதன்று என்று கருதினர். 1970களின் தொடக்கத்தில் இலங்கை அந்நியச் செலாவணி நெருக்கடியால் மாசி இறக்குமதியைக் குறைத்தபோது நாட்டின் முதன்மை வருவாய் ஆட்டம் கண்டது. தெற்கில் கன் தீவிலிருந்த பிரிட்டிஷ் விமானப்படைத் தளமும் 1976-ல் மூடப்பட்டது.

1971-ல் யாரும் சென்றிராத தீவுகளைத் தேடிக்கொண்டிருந்த ஜார்ஜ் கோர்பின் என்ற இத்தாலியப் பயண முகவர், கொழும்பில் மாலத்தீவுத் தூதரகத்தில் பணியாற்றிய அகமது நசீமைச் சந்தித்தார். நசீமின் அழைப்பின் பேரில் மாலே வந்து பார்த்த கோர்பின், 1972 பிப்ரவரியில் 22 இத்தாலியர்களை அழைத்து வந்தார். விடுதி என்று ஒன்றும் இல்லாததால் அவர்கள் மாலேயில் வீடுகளில் தங்கவைக்கப்பட்டனர். மீண்டும் வர அவர்கள் விரும்பியதைக் கண்டு நசீமும் முகமது உமர் மணிக்கு, உசைன் அஃபீஃப் ஆகியோரும் விடுதி கட்ட முனைந்தனர்.

தென்னந்தோப்பாக இருந்த விஹாமனாஃபுஷி தீவில் 1972 அக்டோபர் 3 அன்று 30 அறைகளுடன் குரும்பா விடுதி திறக்கப்பட்டது. 'குரும்பா' என்றால் திவெகியில் இளநீர்க்காய். தமிழில் தென்னம்பிஞ்சைக் குறிக்கும் குரும்பை என்ற சொல்லுடன் ஒத்தது இது. பவளக்கல் சுவர், தென்னோலைக் கூரை, கிணற்றின் உவர்நீர்க் குளியல், வானொலிக் கருவிவழித் தொடர்பு என்ற அளவில்தான் வசதிகள் இருந்தன. விருந்தினர் மீன்பிடிப் படகுகளிலேயே வந்து சேர்ந்தனர். அப்படகின் பெயர் 'தோனி', தமிழின் தோணியேதான். அதே ஆண்டில் பண்டோஸ் தீவில் இரண்டாவது விடுதி வந்தது. முதல் ஆண்டில் ஏறத்தாழ ஆயிரம் பயணிகள் வந்தனர்.

ஒரு தீவு, ஒரு விடுதி

தொடக்கத்தில் விடுதிகள் ஆளற்ற தீவுகளில் அமைந்தது வசதி கருதியே. ஊரை ஒட்டிக் கட்ட இடம் இல்லை. ஆளற்ற தீவுகளோ அரசிடம் ஏராளம். பின்னர் இதுவே கொள்கையாயிற்று. 1970களில் சில பயணிகள் ஊர்த்தீவுகளில் மக்களோடு தங்கி வந்தனர். 1980களில் அரசு அதை நிறுத்தியது. 1979-ன் சுற்றுலாச் சட்டமும், 1983-ல் வகுக்கப்பட்ட முதல் சுற்றுலாப் பெருந்திட்டமும் ஆளற்ற தீவுகளைக் குத்தகைக்கு விடும் முறையை நிலைநிறுத்தின.

இதற்குச் சமயமும் ஒரு காரணம். மாலத்தீவு முழுமையாக இஸ்லாமிய நாடு. மதுவும் பன்றியிறைச்சியும் ஊர்த்தீவுகளில் தடைசெய்யப்பட்டவை. பயணிகளின் நீச்சலுடைக்கும் அங்கே இடமில்லை. விடுதித் தீவுகளில் இவற்றுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. இடையில் கடல் இருந்ததால் விலக்கும் விதியும் முட்டிக்கொள்ளவில்லை. 1343-ல் இங்கு வந்து காஜியாகப் பணியாற்றிய மொராக்கோப் பயணி இபின் பதூதா, தீவுப் பெண்கள் மேலுடை அணியாததைக் கண்டு வருந்தியதையும், தம் ஆணையால் அதை மாற்ற இயலாமற் போனதையும் எழுதியுள்ளார். ஆறரை நூற்றாண்டுகளுக்குப் பின் நிலைமை தலைகீழானது. உள்நாட்டார் உடலை மூடிக்கொள்ள, வெளியிலிருந்து வந்தவர்களின் உடையை மறைக்கத் தனித்தீவுகள் தேவைப்பட்டன.

கட்டட விதிகளும் கடுமையாக இருந்தன. தீவின் பரப்பில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கட்டக்கூடாது. கட்டடம் மரங்களின் உயரத்தைத் தாண்டக்கூடாது. ஒவ்வோர் அறைக்கும் முன்னால் குறிப்பிட்ட அளவு கடற்கரை இருக்க வேண்டும். கடலிலிருந்து பார்த்தால் தீவு தோப்பாகவே தெரியும். அறையிலிருந்து பார்த்தால் அடுத்த அறை தெரியாது. இரண்டு பேர் மட்டும் இருப்பது போன்ற உணர்வை இவ்விதிகளே தந்தன.

நீர்மேல் குடில்

இத்தீவுகளின் படங்களில் தவறாமல் காணப்படும் நீர்மேல் குடில் மாலத்தீவுக்கு உரியதன்று. 1967-ல் பசிபிக் கடலில், பிரெஞ்சுப் பொலினீசியாவின் ராயாடேயா தீவில் விடுதி நடத்திய மூன்று அமெரிக்கர்கள், அங்கே நல்ல மணற்கரை இல்லாத குறையைப் போக்க ஆழமற்ற கடலில் கால்களை ஊன்றிக் குடில்களைக் கட்டினர். கரை இல்லாத குறைக்குக் கண்ட வழி, மாலத்தீவில் நிலம் போதாத குறையைத் தீர்த்தது. தீவின் பரப்பு கூடாமலே அறைகள் கூடின. அறைக்கு வெளியே படி இறங்கினால் கடல். அயலார் நடந்து செல்லும் கரை இல்லை. தேனிலவுக்கு வருவோர் அதிக விலை கொடுத்து இவற்றையே கேட்டனர்.

1981-ல் ஹுலுலே விமான நிலையம் பன்னாட்டு நிலையமாயிற்று. ஐரோப்பாவிலிருந்து நேரடி விமானங்கள் வந்தன. 1990களில் கடல் விமானங்கள் பறக்கத் தொடங்கியபின் தொலைவிலுள்ள வளையங்களிலும் விடுதிகள் எழுந்தன.

வருவாயும் விலையும்

தீவுக் குத்தகையும், பயணி தங்கும் ஒவ்வோர் இரவுக்கும் பெற்ற படுக்கை வரியும் அரசின் முக்கிய வருவாயாயின. அதைக் கொண்டு பள்ளிகளும் மருத்துவமனைகளும் ஊர்த்தீவுகளுக்குச் சென்றன. உலகின் மிக வறிய நாடுகளுள் ஒன்றாக இருந்த மாலத்தீவு, மிகவும் பின்தங்கிய நாடுகளின் பட்டியலிலிருந்து 2011-ல் நீங்கியது.

ஆனால் வருவாய் எல்லோரையும் ஒரே அளவில் சென்றடையவில்லை. குத்தகை பெற்றவர்கள் சிறு தொகையினர். விடுதிப் பணியாளர்கள் குடும்பத்தைவிட்டு மாதக்கணக்கில் தீவிலேயே தங்க வேண்டியிருந்ததால் உள்ளூர்ப் பெண்கள் குறைவாகவே அவ்வேலைக்குச் சென்றனர். வங்கதேசம், இலங்கை, இந்தியா ஆகிய நாடுகளிலிருந்து பலர் வந்து பணியாற்றுகின்றனர். படிப்பும் வேலையும் தலைநகரிலேயே குவிந்ததால், சுமார் இரண்டு சதுர கிலோமீட்டரே உள்ள மாலே உலகின் மிக நெருக்கமான நகரங்களுள் ஒன்றாயிற்று. ஒரு தீவு முழுவதும் அயல்நாட்டு இணையர்களின் தனிமைக்காக இருக்க, மாலேயில் புதிதாக மணந்தவர்களுக்குத் தனி அறை கிடைப்பது அரிதாயிற்று. நெருக்கடியைக் குறைக்க 1997-ல் கடலை நிரப்பி ஹுலுமாலே என்ற புதுத்தீவை அரசு உருவாக்கத் தொடங்கியது.

விடுதிகளின் குப்பைக்கும் ஒரு தீவு வேண்டியிருந்தது. மாலேவுக்கு மேற்கே திலாஃபுஷி என்ற ஆழமற்ற கடற்பகுதியில் 1992 முதல் தலைநகரின் குப்பையும் விடுதிகளின் குப்பையும் கொட்டப்பட்டு, அதுவே நிலமாக எழுந்தது. உணவும் கட்டுமானப் பொருளும் வெளியிலிருந்தே வந்தன. தூத்துக்குடித் தோணிகள் காய்கறியும் கட்டுமானப் பொருள்களும் ஏற்றிக்கொண்டு மாலே செல்வது இந்த வணிகத்தின் ஒரு பகுதி. 1981-ல் செய்துகொண்ட வணிக உடன்பாட்டின் அடிப்படையில் இந்தியா அரிசி, வெங்காயம், முட்டை முதலியவற்றோடு ஆற்றுமணலையும் மாலத்தீவுக்கு அனுப்பி வருகிறது.

2010-ன் நிகழ்வு

விருந்தினருக்கும் பணியாளருக்கும் இடையிலிருந்த தொலைவை 2010 அக்டோபரில் வெளிவந்த ஒரு காணொளி காட்டியது. ஒரு விடுதியில் ஐரோப்பியத் தம்பதி ஒருவர் தம் திருமண உறுதிமொழியைப் புதுப்பிக்கும் சடங்கு செய்துகொண்டனர். சடங்கை நடத்திய பணியாளர் மந்திரம் ஓதுவதுபோன்ற குரலில், திவெகி மொழியில் அவர்களை இழிசொற்களால் வைதார். பொருள் புரியாமல் தம்பதியர் பணிவோடு நின்றிருந்தனர். காணொளி பரவியதும் அரசு வெட்கமடைந்தது. அதிபர் முகமது நஷீத் தம்பதியரிடம் மன்னிப்புக் கேட்டார். பணியாளர்கள்மீது நடவடிக்கை எடுக்கப்பட்டது.

அந்தப் பணியாளர்களின் செயலை நாட்டில் பெரும்பாலோர் கண்டித்தனர். ஆயினும் அந்நிகழ்வு ஓர் ஏற்பாட்டின் விளைவையும் காட்டியது. நாற்பது ஆண்டுகளாக வந்துசென்ற விருந்தினருக்கு நாட்டின் மொழியில் ஒரு சொல்லும் தெரிந்திருக்க வேண்டிய தேவை எழவில்லை.

ஊர்த்தீவுகள் திறக்கப்படுதல்

2008-ல் நடந்த முதல் பல கட்சித் தேர்தலுக்குப் பின் ஆட்சிக்கு வந்த நஷீத் அரசு, ஊர்த்தீவுகளில் விருந்தினர் இல்லங்கள் நடத்த அனுமதித்தது. அதுவரை சிறைச்சாலைக்காகவே பெயர் பெற்றிருந்த மாஃபுஷி தீவு இதில் முன்னணிக்கு வந்தது. மீனவக் குடும்பங்களும் சிறு வணிகர்களும் சில அறைகளுடன் இல்லங்களைத் தொடங்கினர். பயணிகள் நீச்சலுடையில் இருப்பதற்கென்று கரையின் ஒரு பகுதி தட்டிகளால் மறைத்து ஒதுக்கப்பட்டது. ஊர் மக்கள் அதைப் 'பிகினி பீச்' என்றே அழைக்கின்றனர். முன்பு இரு தீவுகளுக்கிடையே கடல் செய்த வேலையை இப்போது தட்டி செய்கிறது. பள்ளிவாசல் தெருவும், மாலையில் ஜோலியில் அமர்ந்து பேசும் முதியோரும் பயணிகளின் கண்ணில் பட்டனர். செலவு குறைவாக இருந்ததால் நடுத்தர வகுப்பு இந்தியத் தம்பதிகளும் இவ்வில்லங்களை நாடினர்.

கடலின் அச்சுறுத்தல்

1987 ஏப்ரலில் பேரலைகள் மாலேவைத் தாக்கின. அதன்பின் தலைநகரைச் சுற்றி ஜப்பானின் உதவியுடன் தடுப்புச்சுவர் எழுப்பப்பட்டது. 1998-ல் கடல்நீர் வெப்பமடைந்து பவளங்கள் பெருமளவில் வெளுத்து மடிந்தன. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் சுமார் நூறு பேர் இறந்தனர் அல்லது காணாமற் போயினர். சேதம் நாட்டின் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 62 விழுக்காடு என்று மதிப்பிடப்பட்டது. கந்தொலுதூ தீவு மக்கள் தம் ஊரையே விட்டுவிட்டு துவாஃபரு தீவில் குடியேற்றப்பட்டனர். 2009 அக்டோபர் 17 அன்று உலகின் கவனத்தை ஈர்க்க அமைச்சரவை கடலுக்கடியில் கூடியது.

தீவுகளின் மணல் ஓரிடத்தில் நிற்பதன்று. இருவாய் எனப்படும் வடகிழக்குப் பருவத்தில் ஒரு பக்கமும், ஹுலங்கு எனப்படும் தென்மேற்குப் பருவத்தில் மறுபக்கமும் அது நகரும். பழைய தீவு மக்கள் இதை அறிந்து கரையைவிட்டு உள்ளே வீடு கட்டினர். கரையோரம் கட்டப்பட்ட விடுதிகளோ தடுப்பு வைத்தும், கடலடி மணலை இறைத்தும் கரையை நிலைநிறுத்தப் போராடுகின்றன.

இன்றைய நிலை

கோவிட் பெருந்தொற்றால் 2020 மார்ச்சில் மூடப்பட்ட நாடு, ஜூலை 15 அன்று மீண்டும் பயணிகளை ஏற்றது. தனித்தனித் தீவுகள் என்ற பழைய ஏற்பாடு அப்போது நோய்த்தடுப்பாகவும் பயன்பட்டது. 2019-ல் 17 இலட்சமாக இருந்த பயணிகள் எண்ணிக்கை 2024-ல் 20 இலட்சத்தைக் கடந்தது. 2022 கணக்கெடுப்பின்படி நாட்டில் வாழ்வோர் வெளிநாட்டுத் தொழிலாளர் உட்பட சுமார் 5.15 இலட்சம் பேர்.

இணையரின் ஓய்வுக்கான தீவு என்பது மாலத்தீவுக்கு வறுமையிலிருந்து மீள வழி தந்தது. அதற்காக நாடு தன் கரைகளில் ஒரு பகுதியைத் தன் மக்களின் அன்றாட வாழ்விலிருந்து பிரித்துக் கொடுத்தது. ஊர்த்தீவு இல்லங்கள் அப்பிரிவைச் சற்றே குறைத்துள்ளன. விடுதித் தீவும் ஊர்த்தீவும் ஒரே உயரத்தில் கிடப்பதால், கடல் ஏறினால் இரண்டுக்கும் இழப்பு ஒன்றே.