"நீ மனிதன்தானா?" என்று கணினி கேட்கத் தொடங்கிய கதை



வழக்கம்போல நீளமான பதிவு. வேலையெல்லாம் முடித்துவிட்டு நிதானமாகப் படியுங்கள்.

ரயில் டிக்கெட் ஆகட்டும், தேர்வு விண்ணப்பம் ஆகட்டும், இணையத்தில் ஒரு படிவத்தை நிரப்பி முடித்ததும் கோணல்மாணலாக நாலைந்து எழுத்துகளைக் காட்டி, "இதைப் படித்து எழுது" என்கிறது. சில இடங்களில் பேருந்து இருக்கும் படங்களையெல்லாம் தொடச் சொல்கிறது. இன்னும் சில இடங்களில் "நான் ரோபோ அல்ல" என்ற கட்டத்தில் டிக் போட வேண்டும். நம் குடும்பத்துப் பெரியவர்கள் இரண்டு மூன்று பேர் என்னிடம் கேட்டுவிட்டார்கள்: "நான் மனுசன்தான்னு இதுக்கிட்ட எதுக்குச் சொல்லணும்?"

நியாயமான கேள்வி. இதற்குப் பதில் சொல்ல முப்பது ஆண்டு பின்னால் போக வேண்டும்.

டிம் பெர்னர்ஸ் லீ என்ற ஆங்கிலேயர் 1990 வாக்கில் வலை என்ற ஏற்பாட்டை உருவாக்கியபோது அது பெரும்பாலும் படிப்பதற்கானது. ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்குத் தாவலாம். பெயர், வயது, ஊர் என்று கட்டம் கட்டமாக நிரப்பி அனுப்பும் படிவம் அதில் இல்லை. அந்த வசதி 1993-ல், அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் செய்த 'மொசைக்' என்ற பிரவுசரில் பரவலாகப் புழக்கத்துக்கு வந்தது. 1995 நவம்பரில் எச்.டி.எம்.எல். 2.0 வெளியானபோது படிவம் அந்த மொழியின் முறையான பகுதியாக ஆனது.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். மணியார்டர் பாரத்தை நிரப்பித் தபால் நிலையத்தில் கொடுக்கிறோம். கவுண்டரில் இருப்பவர் நம் முகத்தைப் பார்க்கிறார், கையெழுத்தைப் பார்க்கிறார். இணையப் படிவம் அப்படியல்ல. நாம் 'சமர்ப்பி' என்ற பொத்தானை அழுத்தியதும் பிரவுசர் நம் பதில்களையெல்லாம் ஒரே வரியாகக் கோத்துவிடுகிறது. பெயர்=முருகன்&வயது=45&ஊர்=மதுரை என்பதுபோல. அந்த வரி மட்டும்தான் எங்கோ இருக்கும் சர்வருக்குப் போகிறது. கட்டங்கள் போகவில்லை, பொத்தான் போகவில்லை, நம் விரலும் போகவில்லை.

அப்படியென்றால், அதே வரியைப் பிரவுசரே இல்லாமல், நம் கணினியில் இருக்கும் வேறொரு புரோகிராம் தயாரித்து அனுப்பினால்? சர்வர் அதையும் வாங்கிக்கொள்ளும். அனுப்பியது யார் என்று வரியை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. இது யாரோ கண்டுபிடித்த ஓட்டை அல்ல. படிவம் பிறந்தபோதே அதன் அமைப்பு அப்படித்தான்.

இதைப் பயன்படுத்தியவர்களையெல்லாம் கெட்டவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். சுவீடனைச் சேர்ந்த டேனியல் ஸ்டென்பெர்க் என்பவர், அந்நியச் செலாவணி மதிப்புகளை இணையத்திலிருந்து தானாக எடுத்துவர ஒரு சின்னப் புரோகிராமைக் கையில் எடுத்தார். அது வளர்ந்து 1998 மார்ச்சில் 'கர்ல்' என்ற பெயரில் வெளிவந்தது. ஒரே ஒரு கட்டளை வரியில் படிவத்தை அனுப்பிவிடக்கூடிய கருவி அது. இன்றும் உலகம் முழுக்கக் கணினிகளிலும் கைப்பேசிகளிலும் இருக்கிறது.

2004-ல் சிகாகோவில் தாட்வொர்க்ஸ் நிறுவனத்தில் ஜேசன் ஹக்கின்ஸ் என்பவர், தங்கள் ஊழியர்கள் வேலை நேரத்தையும் செலவுக் கணக்கையும் பதியும் இணையப் படிவம் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று மறுபடி மறுபடி சோதிக்க வேண்டியிருந்தது. பிரவுசரையே ஒரு புரோகிராம் இயக்கி, கட்டத்தை நிரப்பி, பொத்தானை அழுத்தும்படி செய்தார். அதுதான் 'செலீனியம்'. அந்தத் தொழிலில் அப்போது பெரிய போட்டி நிறுவனத்தின் பெயர் மெர்க்குரி, அதாவது பாதரசம். பாதரச நச்சுக்குச் செலீனியம் மாற்று என்று சொல்வார்கள், அதனால் வேடிக்கையாக வைத்த பெயர். வேதியியல் படித்த என் மாணவர்கள் சிரித்துக்கொள்ளலாம்.

நம்மிடம் படித்த பிள்ளைகள் இரண்டு பேனாவைச் சேர்த்துக் கட்டி இம்போசிஷன் எழுதினார்களே, அதே புத்திதான் இது. ஒரே வேலையை ஐந்நூறு தடவை செய்யச் சொன்னால் மனித மூளை குறுக்குவழி தேடும். ஐந்நூறு பேரின் விவரத்தை ஒவ்வொன்றாகத் தட்டச்சு செய்யும் குமாஸ்தாவுக்கு அப்படி ஒரு புரோகிராம் கிடைத்தால் அது வரம். அதில் யாருக்கும் நஷ்டம் இல்லை.

அடுத்தவர் இடத்தில் கை வைக்கும்போதுதான் சிக்கல் ஆரம்பித்தது.

கூகுள் வருவதற்கு முன்பு 'ஆல்டாவிஸ்டா' என்ற தேடுபொறி புகழ்பெற்றிருந்தது. உங்கள் தளத்தின் முகவரியை ஒரு படிவத்தில் எழுதிக் கொடுத்தால் அது தன் பட்டியலில் சேர்த்துக்கொள்ளும். சிலர் புரோகிராம் எழுதித் தங்கள் முகவரிகளை மூட்டை மூட்டையாகக் கொட்டினார்கள். 1997-ல் ஆந்திரே பிராடரும் அவருடைய சகாக்களும் அங்கே ஒரு தடுப்பு வைத்தார்கள். எழுத்துகளைக் கோணலாக்கிப் படமாகக் காட்டு, மனிதனால் படிக்க முடியும், கணினியால் முடியாது. குப்பை வரவு 95 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது என்று பதிவாகியிருக்கிறது.

1999 நவம்பரில் 'ஸ்லாஷ்டாட்' என்ற தளம், கணினி அறிவியல் உயர்படிப்புக்குச் சிறந்த இடம் எது என்று வாக்கெடுப்பு வைத்தது. கார்னகி மெலன் பல்கலைக்கழக மாணவர்கள் ஒரு புரோகிராம் எழுதித் தங்கள் பல்கலைக்கழகத்துக்கு ஆயிரக்கணக்கில் வாக்குப் போட்டார்கள். மறுநாளே எம்.ஐ.டி. மாணவர்கள் தங்கள் புரோகிராமோடு வந்துவிட்டார்கள். கடைசியில் எம்.ஐ.டி.க்கு 21,156 வாக்கு, கார்னகி மெலனுக்கு 21,032. மற்ற எந்த நிறுவனத்துக்கும் ஆயிரம்கூட இல்லை. இரண்டு புரோகிராம்களுக்கு நடுவே நடந்த பந்தயத்தில், நேர்மையாக ஒரு வாக்குப் போட்டவரின் வாக்குக்கு என்ன மதிப்பு?

அதே கார்னகி மெலனில்தான் 2000-ல் 'கேப்ட்சா' என்ற பெயர் பிறந்தது. மானுவல் பிளம் என்ற பேராசிரியரும், குவாத்தமாலாவிலிருந்து வந்த அவருடைய மாணவர் லூயிஸ் வான் ஆன் உள்ளிட்டோரும் வைத்த பெயர். யாஹூ நிறுவனம் அப்போது தொல்லையில் இருந்தது. இலவச மின்னஞ்சல் கணக்குகளைப் புரோகிராம்கள் ஆயிரக்கணக்கில் திறந்து குப்பை அஞ்சல் அனுப்பின. இவர்கள் தீர்வு கொடுத்தார்கள். ஆலன் டூரிங் 1950-ல் எழுதிய கட்டுரையில், எதிரே இருப்பது இயந்திரமா மனிதனா என்று மனிதன் கண்டுபிடிக்க வேண்டும். கேப்ட்சாவில் அது தலைகீழ். இங்கே நீதிபதி இயந்திரம், கூண்டில் நிற்பது நாம்.

வான் ஆன் பின்னாளில் ஒரு கணக்குப் போட்டார். உலகத்தில் நாளொன்றுக்குச் சுமார் 20 கோடி கேப்ட்சாக்களை மக்கள் நிரப்புகிறார்கள். ஒன்றுக்குப் பத்து வினாடி என்றால் தினமும் ஐந்து லட்சம் மணி நேரத்துக்கு மேல் மனித நேரம் வீண். தான் செய்த பொருளைப் பற்றியே இப்படி யோசித்தாரே, அது எனக்குப் பிடித்தது. 2007-ல் 'ரீகேப்ட்சா'வைக் கொண்டுவந்தார். அதில் இரண்டு சொற்கள் வரும். ஒன்றுக்கு விடை கணினிக்குத் தெரியும். மற்றொன்று பழைய நூலிலோ செய்தித்தாளிலோ கணினியால் படிக்க முடியாத சொல். தெரிந்ததைச் சரியாக எழுதினால், தெரியாததற்கு நீங்கள் எழுதியதும் சரியாகத்தான் இருக்கும் என்று எடுத்துக்கொள்ளும். பலர் ஒரே விடை சொன்னால் உறுதி. நியூயார்க் டைம்ஸ் நாளிதழின் பழைய இதழ்கள் இப்படிக் கணினி எழுத்தாக மாறின. 2009-ல் கூகுள் இதை வாங்கிக்கொண்டது.

ஆனால் பூட்டு இருந்தால் சாவியும் வரும். 2014-ல் கூகுளே அறிவித்தது: தங்கள் கணினி நிரல், மிகக் கடினமான கோணல் எழுத்துகளையும் 99.8 சதவீதம் சரியாகப் படிக்கிறது. அதாவது நம்மைவிட நன்றாக! அதே ஆண்டு டிசம்பரில் வந்ததுதான் "நான் ரோபோ அல்ல" கட்டம். அது டிக்கை மட்டும் பார்ப்பதில்லை, நாம் நடந்துகொள்ளும் விதத்தையும் சேர்த்துப் பார்க்கிறது. இன்னொரு பக்கம், கேப்ட்சா படங்களை மனிதர்களிடமே கொடுத்துப் படிக்க வைக்கும் தொழிலும் வளர்ந்தது. இந்தியா உள்ளிட்ட நாடுகளில் ஏழைப் பிள்ளைகள் உட்கார்ந்து படித்துக் கொடுத்தார்கள். ஆயிரம் படத்துக்கு ஒரு டாலர் அளவில் விலை. இயந்திரத்தைத் தடுக்க வைத்த வேலியை, இயந்திரத்துக்காக மனிதனே திறந்துவிட்டான்.

நம் வீட்டுக்குள் வரும் கதை ஐ.ஆர்.சி.டி.சி. 2002-ல் இணைய டிக்கெட் தொடங்கியது. தட்கல் காலை 10 மணிக்கு ஏ.சி. வகுப்புக்கும் 11 மணிக்கு மற்ற வகுப்புக்கும் திறக்கிறது. பெயர், வயது, பெர்த் என்று நாம் ஒவ்வொன்றாகத் தட்டுவதற்குள் புரோகிராம் எல்லாவற்றையும் முன்பே நிரப்பி வைத்திருந்து அனுப்பிவிடுகிறது. இதற்காகவே பயணி விவரம் நிரப்பக் குறைந்தது 25 வினாடி, கேப்ட்சாவுக்கு 5 வினாடி என்று வரம்பு வைத்தார்கள். அதைவிட வேகமாக மனிதக் கை எழுதாது என்பது கணக்கு. 2017 டிசம்பரில் இப்படிப்பட்ட ஒரு மென்பொருளை எழுதி முகவர்களுக்கு விற்றதாகச் சி.பி.ஐ. ஒருவரைக் கைது செய்தது. அவர் சி.பி.ஐ.யிலேயே உதவி புரோகிராமர், முன்பு ஐ.ஆர்.சி.டி.சி.யில் வேலை பார்த்தவர். 2025 ஜூனில் ரயில்வே சொன்னது: தட்கல் திறந்த முதல் ஐந்து நிமிடத்தில் வரும் உள்நுழைவு முயற்சிகளில் பாதி வரை புரோகிராம்களுடையது. இரண்டரைக் கோடி கணக்குகளை முடக்கினார்கள். ஜூலை முதல் இணையத்தில் தட்கல் எடுக்க ஆதார் சரிபார்ப்பு கட்டாயமானது.

ஆக, ஒவ்வொரு முறையும் வேலி உயர்கிறது. ஏறித் தாண்டுபவனுக்கு அது தொழில். தடுமாறுபவன் சாதாரண ஆள்.

என் மாணவர் ஒருவருக்குப் பார்வை இல்லை. திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் ஸ்கிரீன் ரீடர் என்ற புரோகிராமின் துணையோடு படிவம் நிரப்புவார். பெயர், முகவரி எல்லாம் தடையில்லாமல் முடித்துவிடுவார். கடைசியில் கோணல் எழுத்துப் படம் வரும். ஸ்கிரீன் ரீடரால் அதைப் படிக்க முடியாது, படித்தால் அது கேப்ட்சாவே இல்லை. "ஐயா, நான் மனிதன் என்று நிரூபிக்கப் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட வேண்டியிருக்கிறது" என்றார். வலைத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2005-லேயே இந்தக் குறையை எழுதி வைத்தது. ஒலி வடிவம், ஓ.டி.பி. என்று மாற்று வழிகள் வந்தாலும் எல்லாத் தளங்களிலும் இன்னும் இல்லை.

என் மாணவர்களில் மென்பொருள் எழுதுபவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். உங்களுக்கு இரண்டு விண்ணப்பங்கள். தானாகப் படிவம் அனுப்பும் புரோகிராம் எழுத நேர்ந்தால், அது உங்கள் சுமையை இறக்குகிறதா, வரிசையில் முன்னால் நிற்பவரைத் தள்ளுகிறதா என்று மட்டும் பாருங்கள். அலுவலகக் கணக்கை ஏற்றுவதும் தட்கல் பிடிப்பதும் ஒரே நுட்பம்தான், ஆனால் ஒரே செயல் அல்ல. அடுத்து, வேலி கட்டும் வேலை உங்களிடம் வந்தால், பார்வை இல்லாதவரும், விரல் நடுங்கும் முதியவரும் தாங்களே கடக்கிற மாதிரி ஒரு கதவு வைத்துவிட்டுக் கட்டுங்கள்.

கேள்வி கேட்ட பெரியவர்களுக்குப் பதில் இதுதான்: உங்கள் மேல் சந்தேகம் இல்லை. உங்கள் கை அந்த இயந்திரத்துக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

தொழில்நுட்பத்தில் நான் விட்டுப்போனது இருந்தால் பின்னூட்டத்தில் சேர்த்து எழுதுங்கள். எல்லோரும் நலமாக இருங்கள்.