எலுமிச்சைப் பானமும் மலாயாத் தமிழர் வரலாறும்

கிள்ளானுக்கு வடக்கே அமைந்துள்ள மேருவில், வெயிலில் வந்தவர்க்கு எலுமிச்சைப் பானம் கலக்கிக் கொடுப்பது தமிழர் இல்லங்களில் இயல்பான விருந்தோம்பல். பழம், சீனி, உப்பு, நீர் ஆகிய நான்கு பொருள்களே அதற்குப் போதும். இந்த எளிய பானத்தை வரலாற்றுப் பாடத்தின் வாயிலாகவும் கொள்ளலாம் என்பதே நம் கருத்து. மலாயாத் தமிழ்த் தொழிலாளர் வரலாறு ரப்பரோடு தொடங்கியது என்னும் எண்ணம் நம்மிடையே வேரூன்றியுள்ளது. குவளையில் கரையும் சீனி அவ்வெண்ணத்தைத் திருத்த வல்லது.

முதலில் செய்முறையைக் காண்போம். இரண்டு பழங்களைப் பலகையில் வைத்து உள்ளங்கையால் அழுத்தி உருட்டினால் சாறு எளிதில் இறங்கும். பின்னர் அவற்றைக் குறுக்கே அரிந்து, விதைகளை அகற்றிப் பிழிதல் வேண்டும். விதை நசுங்கினாலும் தோலை மிகுதியாக நெரித்தாலும் கசப்பு ஏறும். மூன்று மேசைக்கரண்டிச் சீனியையும் ஒரு சிட்டிகை உப்பையும் சிறிதளவு வெந்நீரில் கரைத்து ஆற வைக்க வேண்டும். குளிர்நீரில் சீனி மெதுவாகவே கரையும். ஆறிய பின்னரே சாற்றையும் இரண்டு குவளைக் குளிர்நீரையும் சேர்க்க வேண்டும். சூட்டில் சாற்றை ஊற்றினால் அதன் மணம் கெடும். வைட்டமின் சி சத்தும் குறையும். உப்பு கசப்பை அடக்கி இனிப்பை எடுத்துக்காட்டும்.

இனி இப்பொருள்களின் வரலாற்றுக்கு வருவோம். நாம் அன்றாடம் பயன்படுத்தும் சிறிய எலுமிச்சை, இருவேறு நாரத்தை இனங்களின் கலப்பில் தோன்றியது. அவற்றுள் ஒன்று இமயமலை அடிவாரத்தையும் மற்றொன்று பிலிப்பைன்ஸ் தீவுகளையும் சார்ந்தது. ஆகவே இந்திய நிலமும் தென்கிழக்காசியக் கடற்பரப்பும் அப்பழத்தில் சந்தித்துள்ளன. ஈழத்தமிழர் அதனைத் தேசிக்காய் என்பர். மலாய் மொழியில் அது லிமாவ் நிப்பிஸ். அதன் உறவான சிறு பழத்தை மலாய்க்காரர் லிமாவ் கஸ்தூரி என்கின்றனர். அப்பெயரிலுள்ள கஸ்தூரி தமிழ் மாணவர்க்கு விளக்கம் வேண்டாத சொல். கடைகளில் இப்பானத்தில் இடப்படும் ஆசாம் போய் சீனர் வழங்கிய கொடை.

கடலோடிகளும் இவ்வகைப் பழங்களின் அருமையை உணர்ந்தனர். நெடும்பயணங்களில் மாலுமிகளின் ஈறுகளை அழித்து உயிரையும் பறித்த ஸ்கர்வி நோய்க்கு, ஆரஞ்சும் எலுமிச்சையும் விரைவில் பயன் தருவதை ஜேம்ஸ் லிண்ட் என்னும் மருத்துவர் 1747இல் பன்னிரண்டு மாலுமிகளிடம் சோதித்துக் கண்டார். எனினும் பிரிட்டிஷ் கடற்படை எலுமிச்சைச் சாற்றை முறையாக வழங்க 1795ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

பழத்தை விடச் சீனியின் வரலாறே நமக்கு மிக நெருக்கமானது. மணல், பரல் என்னும் பொருளுடைய சர்க்கரா என்னும் வடசொல், பாரசீகத்தில் ஷக்கர் என்றும் அரபியில் சுக்கர் என்றும் உருமாறி, ஆங்கிலத்தில் சுகர் ஆயிற்று. தமிழில் அது சர்க்கரை. வெண்ணிறச் சர்க்கரையை நாம் சீனி என்னும்போது சீன நாட்டின் பெயரையே ஒலிக்கிறோம். மலாய் மொழியின் கூலா என்னும் சொல்லும் வடமொழியிலிருந்து சென்றதே.

பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையிலுள்ள செபராங் பிறையை ஆங்கிலேயர் 1800இல் கெடா சுல்தானிடமிருந்து பெற்றனர். பழந்தமிழர் கடாரம் என்று அழைத்த கெடாவின் நிலமாக அதுவரை இருந்த பகுதி அது. அங்கே முதலில் கரும்பு பயிரிட்டவர்கள் சீனர்கள். 1840களில் ஐரோப்பிய முதலாளிகள் பெருந்தோட்டங்களை அமைத்தனர். பிரிட்டிஷ் ஆட்சியிலிருந்த மேற்கிந்தியத் தீவுகளின் கரும்புத் தோட்டங்களில் நிலவிய அடிமை முறை 1834 முதல் 1838 வரையிலான காலத்தில் சட்டப்படி ஒழிந்திருந்தது. ஆயினும் தோட்ட முறை ஒழியவில்லை. ஜமைக்காவிலும் வங்காளத்திலும் கரும்புத் தொழில் கற்ற லெனார்டு ரே, நீரிணைக் குடியேற்றங்களிலும் பணியாற்றி, 1848இல் தோட்டக்காரர்க்கான கையேடு ஒன்றை வெளியிட்டார். தோட்ட முறை கடல்களைக் கடந்து பரவியதற்கு அவரது வாழ்க்கையே சான்று.

அத்தோட்டங்களுக்கு நாகப்பட்டினத் துறைமுகத்திலிருந்து தமிழ்த் தொழிலாளர் கப்பலேறினர். அவர்கள் சஞ்சிக்கூலிகள் எனப்பட்டனர். ஜஞ்சி என்னும் மலாய்ச் சொல்லுக்கு வாக்குறுதி, ஒப்பந்தம் என்று பொருள். கப்பற்செலவே கடனாகிக் கூலியில் பிடிக்கப்பட்டது. ஒப்பந்தத்தை மீறினால் தண்டனை காத்திருந்தது. வாக்குறுதி என்னும் நற்பொருள் கொண்ட சொல், நம் முன்னோர் வாழ்வில் தளையின் பெயராயிற்று. புதிய ஒப்பந்த ஆள்சேர்ப்பு 1910இல்தான் நிறுத்தப்பட்டது. ரப்பர்க் கன்றுகள் சிங்கப்பூருக்கும் கோலகங்சாருக்கும் வந்த ஆண்டு 1877. அதற்குப் பல்லாண்டுகள் முன்பே தமிழர் இம்மண்ணில் கரும்பு வெட்டிக்கொண்டிருந்தனர் என்பதை நாம் மறத்தலாகாது.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பர் விலை ஏறியபோது கரும்பு நிலங்கள் ரப்பருக்கு மாறின. சிலாங்கூரின் காப்பித் தோட்டங்களும் அவ்வாறே மாறின. கிள்ளான் வட்டாரம் பால்மரக் காடுகளால் சூழப்பட்டது. தோட்டத் தொழிலாளியின் கூலியில் ஒரு பகுதி தோட்டத்துக் கள்ளுக்கடைக்கே திரும்பிச் சென்றது.

1941இல் கிள்ளான் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தைச் சேர்ந்த ஆர். எச். நாதன் முன்னின்றார். கூலி உயர்வு, பிள்ளைகளுக்குக் கல்வி, மருத்துவ வசதி, துரைமார் முன் மிதிவண்டியிலிருந்து இறங்க வேண்டிய இழிவை நீக்குதல் ஆகிய கோரிக்கைகளுடன் கள்ளுக்கடைகளை மூடுதலும் இடம்பெற்றது. நாதன் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார். துருப்புகள் வரவழைக்கப்பட்டன; துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் உயிரிழந்தனர். உழைப்பாளியின் தாகத்தை எது தணிக்க வேண்டும் என்பது குடும்பத்தின் உணவையும் மனிதரின் மானத்தையும் சார்ந்த வினா என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

ஆசிரியர்கள் இவ்வரலாற்றை வகுப்பறையில் நடத்துதல் எளிது. மாணவர்கள் எலுமிச்சைப் பானம் செய்யட்டும். அதன் நான்கு பொருள்களுக்கும் தமிழிலும் மலாயிலும் வழங்கும் பெயர்களை அகராதியில் காணட்டும். நாகப்பட்டினம், பினாங்கு, செபராங் பிறை, கிள்ளான் ஆகிய இடங்களை நிலப்படத்தில் ஒரு கோட்டால் இணைக்கட்டும். தாத்தா பாட்டியிடம், தங்கள் குடும்பத்தின் முதல் தோட்டம் எது, அங்கே என்ன பயிர் இருந்தது என்று கேட்டு எழுதி வரட்டும். ரப்பர் என்னும் விடையே பல வீடுகளில் கிடைக்கும். ஏதேனும் ஒரு வீட்டில் கரும்பு என்னும் விடை வருமாயின், அதனைத் தேதியோடும் இடப்பெயரோடும் குறித்து வைத்தல் நம் கடமை. சொல்வதற்கு முதியோர் இருக்கும்போதே கேட்டுவிட வேண்டும்.