கொம்பில்லாத வைக்கிங்கும் மண்மூடிய மாந்தையும்

வைக்கிங் என்றதும் எங்கள் பிள்ளைகள் கொம்பு வைத்த தலைக்கவசத்தைத்தான் வரைவார்கள். தோரின் சுத்தியலையும் லோகியின் தந்திரத்தையும் தரம் 7 பிள்ளைகூடச் சொல்லும். எல்லாம் படம் பார்த்து வந்த அறிவு. படம் பார்ப்பதில் பிழையில்லை. 1989இல் டெரி ஜோன்ஸ் எடுத்த 'எரிக் த வைக்கிங்' நல்ல நகைச்சுவைப் படம். அதில் ஒரு தீவு கடலில் மூழ்குகிறது. தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கும்போதே, அப்படி ஒன்றும் நடக்கவில்லை என்று மன்னனும் மக்களும் சாதிக்கிறார்கள்!

ஆனால் வரலாறு வேறு. கொம்பு வைத்த வைக்கிங் தலைக்கவசம் ஒன்றுகூட அகழ்வில் கிடைத்ததில்லை. 1876இல் ஜேர்மனியில் மேடையேறிய வாக்னரின் இசைநாடக உடைகள்தான் அந்தக் கொம்பைப் பிரபலமாக்கின. தோரின் கதைகளில் பெரும்பாலானவையும் 13ஆம் நூற்றாண்டில், ஐஸ்லாந்து மக்கள் கிறிஸ்தவர்களாகி இருநூறு வருடங்களுக்குப் பிறகு எழுதப்பட்டவை.

அப்படியானால் அவர்களை நேரில் கண்டு எழுதியவர் யார்? அவர்களில் முக்கியமானவர் ஒரு முஸ்லிம், இப்னு பழ்லான். 921இல் கலீபா அல்-முக்ததிரின் தூதுக்குழுவோடு பக்தாதிலிருந்து புறப்பட்டவர், 922இல் வொல்கா ஆற்றங்கரையில் 'ரூஸ்' எனப்பட்ட வடநாட்டு வணிகரைக் கண்டார். பேரீச்ச மரம்போல் உயரம் என்று வியந்தார். அவர்களுடைய அசுத்தத்தைக் கண்டு முகம் சுழித்தார். இறந்த தலைவனைக் கப்பலோடு வைத்து எரித்ததையும் விபரமாக எழுதினார்.

அந்த வணிகர் தேடியது அரபு வெள்ளியை. 1999இல் சுவீடனின் கொட்லாந்துத் தீவில் ஒரு வயலில் 14,000க்கும் மேற்பட்ட நாணயங்கள் கிடைத்தன. பெரும்பாலானவை திர்ஹம்கள்.

அதே அப்பாசியர் காலத்து வணிகத்தின் தென்முனைகளில் ஒன்று எங்கள் வாசலில்தான் இருந்தது. அதுதான் மாந்தை, தேவாரம் பாடிய மாதோட்டம். திருக்கேதீச்சரக் கோயிலைச் சுற்றியுள்ள மேட்டின் அடியில் அந்தத் துறைமுக நகரம் கிடக்கிறது. 1980 முதல் 1984 வரை நடந்த அகழ்வில் மேற்காசிய மெருகு மட்பாண்டங்களும் சீனப் பாண்டங்களும் வெளிவந்தன. பிறகு யுத்தச் சூழலில் வேலை நின்றது. 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டார்கள். ஒரு தலைமுறை புத்தளத்தில் வளர்ந்தது. அந்தப் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு மாந்தையைக் காட்டினோம்?

வைக்கிங்குகளை வைத்துப் பகிடி பண்ண முடிகிறதென்றால், அவர்களுடைய வரலாற்றை உலகம் எழுதி வைத்திருக்கிறது. எங்களுடையதைப் பற்றிப் பகிடி விடக்கூட ஆட்களுக்குத் தெரியாது.

ஆசிரியர்களாகிய நாங்கள் செய்யக்கூடியது அதிகமில்லை, கடினமுமில்லை. அடுத்த சுற்றுலாவில் கண்டிக்கு முதல் மாந்தைக்குப் போவோம். பள்ளிமுனைப் பெருக்க மரத்தை அரபு வணிகர் கொண்டுவந்தார்கள் என்று ஊரில் சொல்கிறார்கள். அதைக் கேள்வியாகவே பிள்ளைகளிடம் கொடுப்போம். மூத்தம்மாவிடம் கேட்டு, கேட்டதைக் கொப்பியில் எழுதி வரட்டும். இப்னு பழ்லானும் கண்டதைத்தானே எழுதினார்.