அப்பத்தாவின் இடுப்பும் லங்காஷயர் பல்சக்கரமும்

போன மாசம் ஊர்ல அப்பத்தாவுக்கு இடுப்பு மூட்டு மாற்று ஆபரேஷன். ரெண்டாம் நாளே வாக்கரைப் பிடிச்சு நடந்தாச்சு. பிரச்னை நடக்குறதுல இல்ல, உட்காருறதுல. தரையில உட்காரக்கூடாது, கால் மேல கால் போடக்கூடாது, குனிஞ்சு எதையும் எடுக்கக்கூடாது, படுக்கும்போது ரெண்டு காலுக்கும் நடுவுல தலையணை வைக்கணும்னு ஒரு தாள் குடுத்து அனுப்பியிருக்காங்க. வாழ்நாள் முழுக்க சம்மணம் போட்டுச் சாப்பிட்டவங்க. அம்மா கடைக்குப் போன நேரம் பார்த்து வாசப்படியில உட்கார்ந்து வெங்காயம் உரிச்சதாகக் கேள்வி.

ஃபோன்ல கேட்டா, "ஏன்னு காரணம் சொல்லாம கூடாது கூடாதுன்னா எப்படிய்யா? நீதான் படிக்கிறவனாச்சே, கேட்டுச் சொல்லு"ங்குறாங்க.

நான் படிக்கிறது மெட்டீரியல்ஸ். மருத்துவம் இல்ல. ஆனா தேட ஆரம்பிச்சா, பதில் நான் இருக்கிற மான்செஸ்டர்ல இருந்து கார்ல ஒரு மணி நேரத்துக்குள்ள போயிடக்கூடிய ரைட்டிங்டன் மருத்துவமனையிலதான் கிடந்தது!

இடுப்பு மூட்டு ஒரு கிண்ணமும் அதுக்குள்ள சுத்துற பந்தும். தேய்ஞ்சுபோன பந்துக்கு மாற்று தேடுற வேலை 19-ம் நூற்றாண்டுலயே தொடங்கிடுச்சு. பெர்லின்ல கிளக் என்பவர் 1890-91 வாக்கில் யானைத் தந்தத்தில் மூட்டு செய்து பார்த்தார். பாஸ்டனில் ஸ்மித்-பீட்டர்சன் 1923-ல் கண்ணாடிக் கிண்ணத்தைப் பந்தின் மேல் கவிழ்த்தார். கண்ணாடி உடைஞ்சது. 1946-ல் பாரிசில் ஜூடே சகோதரர்கள் அக்ரிலிக் பந்து வைத்தார்கள். அதுவும் நிலைக்கல.

அந்த அக்ரிலிக் பந்து வச்ச ஒருத்தர் ஜான் சார்ன்லி என்ற ஆங்கிலேய டாக்டரிடம் வந்தார். அவர் சாப்பாட்டு மேசையில் முன்னால் சாயும்போதெல்லாம் இடுப்பு கிறீச்னு கத்துமாம். அந்தச் சத்தம் தாங்காம அவர் மனைவி பக்கத்துலயே வர்றதில்லையாம். நமக்குச் சிரிப்பு வருது. சார்ன்லிக்கோ அதுதான் பொறி. கத்துதுன்னா உராயுதுன்னு அர்த்தம். உராய்வைக் குறைக்காம எந்தப் பொருளை வச்சாலும் நிற்காதுன்னு முடிவு பண்ணினார்.

1958-ல் வழுக்குற பொருளான டெஃப்லானில் கிண்ணம் செய்தார். ஏறக்குறைய 300 பேருக்கு வைத்தார். முதல்ல எல்லாரும் வலியில்லாம நடந்தாங்க. ரெண்டு மூணு வருசத்துல டெஃப்லான் தேய்ஞ்சு, அந்தத் துகள் பட்ட இடமெல்லாம் புண்ணாச்சு. மனுஷன் ஒளியல. டெஃப்லானைத் தன் தொடையிலேயே வைத்துச் சோதித்து, உடம்பு அதை ஏற்கலைன்னு எழுதி வெளியிட்டார். தான் வைத்த கிண்ணங்களைத் தானே திரும்ப அறுத்து எடுத்தார்.

1962-ல் நெசவாலைத் தறிகளுக்கான பிளாஸ்டிக் பல்சக்கரம் விற்கிற ஒருவர் மருத்துவமனைக்கு வந்தார். அதுதான் பாலிஎத்திலீன். சார்ன்லி நகத்தால கீறிப் பார்த்துட்டு, இது உதவாதுன்னு தள்ளிட்டார். அவருடைய டெக்னீஷியன் ஹாரி கிரேவன் மட்டும் விடல. சார்ன்லி வெளியூர் போயிருந்தப்ப தேய்மான மெஷினில் மாட்டி ஓட்டினார். மூணு வாரம் ராப்பகலா ஓடியும், டெஃப்லான் ஒரே நாளில் தேயுற அளவு கூட அது தேயல. அந்த வருசம் நவம்பரில் அது முதல் நோயாளியின் இடுப்புக்குள் போனது. கொஞ்சம் மேம்பட்ட வடிவத்தில் அதே பொருள்தான் இன்னிக்கும் பெரும்பாலான கிண்ணங்களில் இருக்கு.

சரி, இதுக்கும் அப்பத்தாவோட தாளுக்கும் என்ன சம்பந்தம்?

உராய்வைக் குறைக்க சார்ன்லி பந்தை ரொம்பச் சின்னதாக்கினார். விட்டம் 22 மில்லிமீட்டர் சொச்சம். நம்ம சொந்தப் பந்து அதைப் போல ரெண்டு மடங்கு இருக்கும். சின்னப் பந்து கிண்ணத்தை விட்டு வெளியேற கொஞ்சம் நகர்ந்தாலே போதும். அதனால மூட்டு நழுவுற பயம் ஆரம்பத்துல இருந்தே கூட வந்தது.

இன்னொரு காரணம், டாக்டர் உள்ளே நுழையுற வழி. பின்பக்கமா நுழைஞ்சா, மூட்டைச் சுற்றியிருக்கிற உறையையும் பின்னால பிடிச்சிருக்கிற சின்னத் தசைகளையும் வெட்டித்தான் ஆகணும். அவை ஆறுற வரைக்கும் தொடையை 90 டிகிரிக்கு மேல மடக்கினாலோ, காலை நடுக்கோட்டைத் தாண்டிக் கொண்டுபோனாலோ, பாதத்தை உள்பக்கம் திருப்பினாலோ பந்து பின்னால நழுவலாம். வாசப்படி மாதிரி தாழ்வான இடத்துல உட்கார்ந்தா முதல் விதி போச்சு. கால் மேல கால் போட்டா ரெண்டாவது போச்சு. முன்பக்கமா நுழைஞ்சவங்களுக்கோ விதி தலைகீழ். காலைப் பின்னால நீட்டி வெளிப்பக்கம் திருப்புறதுதான் ஆபத்து.

இப்போ 32, 36 மில்லிமீட்டர் பந்துகள் சாதாரணம். வெட்டின உறையையும் திரும்பத் தைக்கிறாங்க. அதனால பழைய விதி எல்லாமே வேணுமான்னு டாக்டர்களே கேட்க ஆரம்பிச்சாங்க. 2005-ல் வெளியான ஒரு அமெரிக்க ஆய்வில், முன்பக்கவாட்டில் நுழைஞ்சு செய்த 303 இடுப்புகளை ரெண்டு பிரிவாக்கினாங்க. 90 டிகிரி மாதிரி அடிப்படை விதிகள் எல்லாருக்கும் உண்டு. தலையணை, உயரமான நாற்காலி, உயர்த்தின டாய்லெட் இருக்கை, கார் ஓட்டத் தடை எல்லாம் ஒரு பிரிவுக்கு மட்டும். மொத்தத்தில் நழுவினது ஒரே ஒரு மூட்டு. அதுவும் கட்டுப்பாடு அதிகமா இருந்த பிரிவில் :-)

இதைப் படிச்சுட்டு யாரும் தாளைக் கிழிச்சுப் போட்டுடாதீங்க மக்களே. அந்த முடிவு அந்த வழிக்குப் பொருந்தும், எல்லாருக்கும் இல்ல. எந்த வழி, எவ்வளவு பெரிய பந்து, எத்தனை வாரம்னு ஆபரேஷன் செய்தவர்கிட்டதான் கேட்கணும். திடீர்னு கடுமையா வலிச்சு, கால் குட்டையாகி, ஊன முடியாமப் போனா உடனே ஆஸ்பத்திரி.

இதையெல்லாம் ஞாயித்துக்கிழமை ஃபோன்ல கதையா சொன்னேன். கிறீச் இடுப்புக்காரர் கதைக்கு அப்பத்தா விழுந்து விழுந்து சிரிச்சாங்க. அப்புறம் கொஞ்ச நேரம் பேச்சில்ல. "எனக்கு வச்சது பெரிய குண்டா, சின்னக் குண்டா?"

அடுத்த தடவை போனப்ப டாக்டரையே கேட்டுட்டாங்களாம். 32, பின்பக்க வழி, மூணு மாசத்துக்கு அந்தத் தாள்ல இருக்கிறபடியே, அதுக்கப்புறம் பார்த்துச் சொல்றேன்னாராம். இப்போ வெங்காயம் மேசைக்கு வந்துடுச்சு, அப்பத்தா நாற்காலிக்கு.

உங்க வீட்டுல யாருக்காவது இந்த ஆபரேஷன் நடந்திருக்கா? காரணம் சொல்லித் தாள் குடுத்தாங்களா, சும்மாவா? பின்னூட்டத்துல சொல்லுங்க.