கூழும் சோறும்

ஆடி மாதத்தில் காஞ்சிபுரத்துத் தெருக்களில், அம்மன் கோயில்களின் முன் கேழ்வரகுக் கூழ் வார்ப்பார்கள். ஒரு காலத்தில் அது திருவிழா உணவன்று. ஏழைகளின் அன்றாட உணவு. தறியில் அமருமுன் நெசவாளரும், ஏர் பூட்டுமுன் உழவரும் குடித்தது அதுவே. நெல்லுச்சோறு பொங்கலுக்கும் தீபாவளிக்குமே உரியதாயிருந்த வீடுகள் பல. ஆகவே சோறு பசியாற்றும் பொருளாக மட்டுமன்றி, மானத்தின் அடையாளமாகவும் ஆயிற்று.

அந்த ஏக்கத்தை உணர்ந்தவர், காஞ்சியின் நெசவாளர் குடும்பத்தில் 1909-இல் பிறந்த அறிஞர் அண்ணா. 1960-களின் நடுவில் மழை பொய்த்தது. நாடு அமெரிக்கக் கோதுமைக் கப்பல்களை எதிர்நோக்கி நின்றது. 1967 தேர்தலில் அவருடைய கட்சி ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்பதை இலட்சியமாக அறிவித்தது. வென்றபின் சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒரு படி வழங்கியது.

மைய அரசும் அதே பசிக்குத்தான் விடை தேடியது. சி. சுப்பிரமணியம் உணவு, வேளாண் அமைச்சராயிருந்தபோது, 1965-இல் இந்திய உணவுக் கழகம் தோன்றியது. உயர்விளைச்சல் விதை, உரம், ஆதரவு விலை, கொள்முதல் ஆகியவை பெரும்பாலும் நெல்லையும் கோதுமையையும் சுற்றியே அமைந்தன. நாடு பஞ்சத்தினின்று தப்பியது. நன்றியோடு நினைக்கத்தக்க சாதனை அது. ஆனால், அரசு கொள்முதல் எட்டாத கேழ்வரகும் வரகும் சாமையும் வயல்களைவிட்டு மெல்ல விலகின. மக்களின் விருப்பம் கொள்கையை உருவாக்கியது. பின்னர் கொள்கை மக்களின் நாவைப் பழக்கியது.

2013-ஆம் ஆண்டு தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் கிலோ அரிசிக்கு 3 ரூபாய், கோதுமைக்கு 2 ரூபாய், சிறுதானியத்திற்கு 1 ரூபாய் என்று விலை வகுத்தது. கூழுக்கு நாம் அளித்த மதிப்பும் அந்த வரிசையில்தானே இருந்தது?

இதற்கிடையே காற்று திசை மாறியது. நீரிழிவுக்கு அஞ்சிய நகரத்தார் கேழ்வரகைத் தேடினர். 2018-ஐத் தேசியச் சிறுதானிய ஆண்டாக அரசு கொண்டாடியது. இந்தியாவின் முன்மொழிவை ஏற்று ஐக்கிய நாடுகள் அவை 2023-ஐ அனைத்துலக ஆண்டாக்கியது. 2023-24-இல் குவிண்டாலுக்கு ஆதரவு விலை சாதாரண நெல்லுக்கு 2,183 ரூபாய். கேழ்வரகுக்கு 3,846 ரூபாய். 2023 மே மாதம் நீலகிரி, தருமபுரி மாவட்டங்களில் நியாயவிலைக் கடைகளில் அரிசியின் ஒரு பகுதிக்கு மாற்றாகக் கேழ்வரகு வந்தது.

மக்கள் விருப்பத்திற்கு அரசு செவிசாய்ப்பது நன்று. ஆனால், யாருடைய விருப்பத்திற்கு? அன்று கேட்டது பசித்தவரின் குரல். இன்று உரக்கக் கேட்பது உண்டு களித்தவரின் கவலை. இடையில், ஏளனத்தைத் தாங்கியபடி மானாவாரி நிலத்தில் அந்த விதையைக் காத்துவந்த உழவரை யாரும் கேட்கவில்லை. அறிவித்த விலை அவர் கைக்குப் போய்ச் சேரும் நாளில்தான், கூழுக்கு நாம் செய்த அவமதிப்பு தீரும்.