ஏழாவது வகைக் கருப்பை

1988-ல் அமெரிக்கக் கருவளச் சங்கம் ஒரு பட்டியல் வெளியிட்டது. வழக்கத்துக்கு மாறான வடிவத்தில் அமைந்த கருப்பைகளை ஏழு வகைகளாகப் பிரித்த பட்டியல் அது. முதல் ஆறு வகைகளும் பிறவியிலேயே இயற்கையாக அமைபவை. ஏழாவது வகைக்கு மட்டும் ஒரு மாத்திரையின் பெயர் சூட்டப்பட்டிருந்தது!

உடலுறுப்பின் வடிவத்துக்கு மாத்திரையின் பெயரா? அதுவும் அந்த மாத்திரையை அந்தப் பெண்கள் யாரும் விழுங்கியதில்லை. விழுங்கியவர்கள் அவர்களுடைய தாய்மார்கள். எதற்காக விழுங்கினார்கள் தெரியுமா? கருச்சிதைவு ஏற்படாமல் இருப்பதற்காக.

கதைக்குள் போகும் முன் கருப்பை எப்படி உருவாகிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. தாயின் வயிற்றில் இருக்கும் பெண் சிசுவுக்கு முதலில் கருப்பை என்று தனியாக எதுவும் கிடையாது. இடமும் வலமுமாக இரண்டு மெல்லிய குழாய்கள் மட்டுமே இருக்கும். ஜெர்மானிய உடலியல் அறிஞர் ஜொஹான்னஸ் முல்லர் 1830-ல் இவற்றை விவரித்ததால் முல்லர் குழாய்கள் என்று பெயர். கர்ப்பத்தின் முதல் மூன்று நான்கு மாதங்களில் இந்த இரண்டு குழாய்களும் கீழ்ப்பகுதியில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. நடுவில் இருக்கும் சுவர் பிறகு கரைந்து ஒரே அறையாகிறது. அதுதான் கருப்பை. ஒட்டாமல் மேலே தனித்தனியாக நிற்கும் பகுதிகள் கருக்குழாய்கள் ஆகின்றன.

இதில் எந்த இடத்தில் தடங்கல் வந்தாலும் வடிவம் மாறிவிடும். ஒட்டவே இல்லையென்றால் இரட்டைக் கருப்பை. பாதி ஒட்டினால் இரண்டு கொம்புள்ள கருப்பை. நடுச்சுவர் கரையாவிட்டால் தடுப்புச் சுவருள்ள கருப்பை. ஒரு பக்கக் குழாய் வளரவே இல்லையென்றால் ஒற்றைக் கொம்பு. நூறு பெண்களில் ஐந்தாறு பேருக்கு இப்படி ஏதாவது ஒரு மாற்றம் இருக்கலாம் என்று ஆய்வுகள் சொல்கின்றன. பலருக்கு அது தெரியாமலே போய்விடும். பேரன் பேத்தி எடுத்த பிறகு வேறு ஏதோ காரணத்துக்காக ஸ்கேன் எடுக்கும்போது தெரிந்துகொண்டவர்களும் உண்டு. ஆனால் வேறு சிலருக்கோ நான்காம் மாதம், ஐந்தாம் மாதம் என்று கரு கலைந்துகொண்டே இருக்கும். காரணம் தெரியாமல் தன்னையே நொந்துகொள்வார்கள்.

இவையெல்லாம் இயற்கையின் பிழைகள். ஏழாவது வகை அப்படி அல்ல.

1938-ல் லண்டனைச் சேர்ந்த சார்ல்ஸ் டாட்ஸ் என்ற உயிர்வேதியியல் அறிஞரும், ஆக்ஸ்ஃபோர்டின் ராபர்ட் ராபின்சனும், அவர்களுடைய உதவியாளர்களும் சேர்ந்து செயற்கையான ஈஸ்ட்ரோஜன் ஒன்றைத் தயாரித்தார்கள். டைஎத்தில்ஸ்டில்பெஸ்ட்ரால் என்பது அதன் முழுப்பெயர். (ஒரே மூச்சில் சொல்லிப் பாருங்கள்!) ஸ்டில்பெஸ்ட்ரால் என்றும், டி.இ.எஸ். என்றும் சுருக்கினார்கள். அதுவரை இயற்கையான ஈஸ்ட்ரோஜனைப் பிரித்தெடுக்கச் செலவு அதிகம்; வாய்வழியாகக் கொடுத்தால் சரியாக வேலையும் செய்யாது. புதிய பொருளோ மலிவானது, வீரியமானது, மாத்திரையாகவே விழுங்கலாம். பிரிட்டிஷ் அரசின் ஆராய்ச்சி நிதியில் உருவானதால் யாரும் காப்புரிமை எடுக்கவில்லை. விளைவு, அமெரிக்காவில் மட்டும் நூற்றுக்கணக்கான கம்பெனிகள் அதைத் தயாரிக்க ஆரம்பித்தன.

அதே 1938-ல் டாட்ஸும் அவருடைய சகாக்களும் இன்னொரு கட்டுரையும் எழுதினார்கள். இப்படி வாய்வழியாகக் கொடுக்கும் ஈஸ்ட்ரோஜன்கள் விலங்குகளின் ஆரம்பகாலக் கர்ப்பத்தைக் கலைத்துவிடுகின்றன என்பதுதான் அந்தக் கட்டுரையின் செய்தி. 1940 வாக்கில் அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில், கர்ப்பமான எலிகளுக்கு ஈஸ்ட்ரோஜன்களைக் கொடுத்தால் குட்டிகளின் இனப்பெருக்க உறுப்புகள் கோளாறாக அமைவதையும் பார்த்துவிட்டார்கள். ஆக, மருந்து கர்ப்பிணிகளிடம் போவதற்கு முன்பே எச்சரிக்கை அச்சில் இருந்தது. படிக்க வேண்டியவர்கள்தான் படிக்கவில்லை, அல்லது எலி வேறு மனிதர் வேறு என்று விட்டுவிட்டார்கள்.

இந்த இடத்தில் பாஸ்டனைச் சேர்ந்த ஒரு தம்பதி வருகிறார்கள். ஜார்ஜ் ஸ்மித், ஆலிவ் ஸ்மித். கணவர் மகப்பேறு மருத்துவர், மனைவி உயிர்வேதியியல் ஆராய்ச்சியாளர். கர்ப்பம் கலையும் பெண்களுக்கு ஹார்மோன் அளவு குறைவதை அவர்கள் கவனித்திருந்தார்கள். ஸ்டில்பெஸ்ட்ராலைக் கொடுத்தால் நஞ்சுக்கொடி தூண்டப்பட்டுப் புரோஜெஸ்டிரோனை அதிகமாகச் சுரக்கும், கரு தங்கிவிடும் என்பது அவர்கள் கணக்கு. 1947-ல் அமெரிக்க அரசின் மருந்துத் துறை கர்ப்ப காலப் பயன்பாட்டுக்கு அனுமதி கொடுத்தது. 1948-ல் ஸ்மித் தம்பதி 632 கர்ப்பங்களைப் பற்றிய தங்கள் முடிவுகளை வெளியிட்டார்கள். நல்ல பலன் என்றார்கள். ஏழாவது வாரத்தில் தினம் 5 மில்லிகிராமில் தொடங்கி, மெல்ல மெல்ல ஏற்றி, முப்பத்தைந்தாவது வாரத்தில் 125 மில்லிகிராம் வரை கொண்டுபோக வேண்டும் என்பது அவர்கள் வகுத்த முறை.

அந்த ஏழாவது வாரத்தைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வயிற்றில் இருப்பது பெண் சிசு என்றால், அதன் முல்லர் குழாய்கள் உருவாகி ஒட்டிக்கொள்ளும் காலமும் அதற்கு அடுத்த வாரங்கள்தான்.

632 கர்ப்பங்கள் என்றால் பெரிய எண்ணிக்கைதானே என்று தோன்றலாம். ஆனால் முக்கியமான ஒன்று அதில் இல்லை. மாத்திரை என்று நினைத்து வெறும் மாவு மாத்திரை சாப்பிட்ட இன்னொரு குழு இல்லை. ஒரு முறையோ இரண்டு முறையோ கரு கலைந்த பெண்களில் பெரும்பாலோருக்கு எந்த மருந்தும் இல்லாமலே அடுத்த கர்ப்பம் தங்கிவிடும். அந்தப் பெண்ணுக்கு நடுவில் என்ன கொடுத்தாலும், கொடுத்த பொருளுக்குத்தான் பெயர் போகும். சாமிக்கு நேர்ந்துகொண்டால் சாமிக்கு, கஷாயம் குடித்தால் கஷாயத்துக்கு. இங்கே மாத்திரைக்குப் போனது.

1953-ல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் வில்லியம் டீக்மான் முறையாகச் சோதித்துப் பார்த்தார். மொத்தம் 1,646 கர்ப்பிணிகள். 840 பேருக்கு ஸ்டில்பெஸ்ட்ரால், 806 பேருக்கு அதே மாதிரி தெரியும் வெற்று மாத்திரை. யாருக்கு எது என்று மருத்துவருக்கும் தெரியாது, கர்ப்பிணிக்கும் தெரியாது. முடிவு: கருச்சிதைவைத் தடுப்பதில் எந்தப் பயனும் இல்லை. (தங்களை வைத்துச் சோதனை நடப்பதே தங்களுக்குத் தெரியாது என்று இந்தப் பெண்களில் சிலர் பின்னாளில் நீதிமன்றம் போனார்கள். அது தனிக் கதை.) 1978-ல் அதே புள்ளிவிவரங்களை மறுபடி அலசியபோது, மாத்திரை சாப்பிட்டவர்களுக்குத்தான் கருச்சிதைவும் குறைப்பிரசவமும் அதிகம் என்று தெரிந்தது. 1953-லேயே அப்படி அலசியிருந்தால் எத்தனையோ குடும்பங்கள் தப்பியிருக்கும்.

பயன் இல்லை என்று தெரிந்தபின் நிறுத்தியிருப்பார்கள் என்றுதான் யாரும் நினைப்பார்கள். நிறுத்தவில்லை. பாடப்புத்தகங்கள் சில கைவிட்டன, விற்பனையும் குறைந்தது. ஆனால் 1957-ல்கூட ஒரு கம்பெனி, எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் இதைக் கொடுக்கலாம், குழந்தை பெரிதாகவும் பலமாகவும் பிறக்கும் என்று குண்டுக் குழந்தையின் படத்தோடு மருத்துவ இதழில் விளம்பரம் போட்டது. பேராசையை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. இரண்டு குழந்தைகளை வயிற்றிலேயே இழந்த பெண் மூன்றாவது முறை பயந்துபோய் எதிரே உட்கார்ந்திருக்கும்போது, 'கொடுக்க ஒன்றும் இல்லை, காத்திருங்கள்' என்று சொல்ல எத்தனை மருத்துவர்களுக்கு மனம் வரும்? பெண்களே கேட்டு வாங்கியதும் உண்டு. இப்படியே இன்னும் பதினெட்டு ஆண்டுகள் ஓடின. அமெரிக்காவில் மட்டும் தாய்மார்களும் குழந்தைகளுமாக 50 லட்சம் முதல் ஒரு கோடிப் பேர் வரை இந்த மருந்துக்கு ஆளானதாக மதிப்பிடுகிறார்கள்.

1960களின் பிற்பகுதியில் பாஸ்டன் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனைக்கு வந்த சில இளம்பெண்களுக்குப் பிறப்புறுப்பில் ஒரு வகைப் புற்றுநோய் இருந்தது. வயதான பெண்களுக்கே அபூர்வமாக வரும் நோய், பதின்வயதுப் பெண்களுக்கு எப்படி வந்தது? மருத்துவர்களுக்குப் பிடிபடவில்லை. நோயாளி ஒருத்தியின் தாய்தான், 'இவள் வயிற்றில் இருந்தபோது நான் சாப்பிட்ட மாத்திரை காரணமாக இருக்குமோ?' என்று கேட்டார். ஹெர்ப்ஸ்ட், உல்ஃபெல்டர், போஸ்கன்சர் என்ற மூவரும் அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டார்கள். 8 நோயாளிகளில் 7 பேரின் தாய்மார்கள் ஸ்டில்பெஸ்ட்ரால் சாப்பிட்டிருந்தார்கள். ஒப்பிடுவதற்காக எடுத்த 32 பேரின் தாய்மார்களில் ஒருவர்கூடச் சாப்பிடவில்லை. 1971 ஏப்ரலில் கட்டுரை வந்தது. நவம்பரில் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று அமெரிக்க மருந்துத் துறை அறிவித்தது. பிரான்சில் 1977 வரை ஆனது.

புற்றுநோய் செய்தித்தாள்களின் முதல் பக்கத்துக்கு வந்தது. ஆனால் அது வந்தது ஆயிரம் மகள்களில் ஒருத்திக்கு. மற்றவர்களுடைய இழப்பு சத்தமில்லாமல் நடந்தது.

அந்த மகள்கள் 1970களில் கல்யாணம் செய்து, தாங்களே கர்ப்பமானார்கள். பலருக்குக் கரு தங்கவில்லை. 1977-ல் டெக்சஸின் ஹூஸ்டனைச் சேர்ந்த ரேமண்ட் காஃப்மனும் சகாக்களும் இந்தப் பெண்களின் கருப்பைக்குள் சாயம் செலுத்தி எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்கள். சாதாரணமாகக் கருப்பையின் உள்ளறை தலைகீழ் முக்கோணமாக இருக்கும். இவர்களில் பலருக்கு அது ஆங்கில எழுத்து 'டீ' மாதிரி இருந்தது. மேலே ஒரு குறுக்குக் கட்டை, கீழே ஒரு குச்சி, அவ்வளவுதான். பக்கச் சுவர்கள் தடித்து, நடுவில் இடமே இல்லை. கருப்பை வாயும் பலவீனமாக இருப்பதுண்டு. கரு வளர வளர இடம் போதாது, பாரம் தாங்காது. பின்னாளில் எலிகளில் நடந்த ஆய்வுகள், எந்த இடத்தில் எந்த உறுப்பு அமைய வேண்டும் என்று தீர்மானிக்கும் மரபணுக்களின் வேலையை இந்த மருந்து குலைப்பதைக் காட்டின.

2011-ல் வெளிவந்த ஒரு பெரிய அமெரிக்க ஆய்வின் எண்கள் இவை. நாலாம் மாதத்திலிருந்து ஆறாம் மாதம் வரையான காலத்தில் கருவை இழந்தவர்கள், மருந்துக்கு ஆளாகாத பெண்களில் நூற்றுக்கு 1.7, டி.இ.எஸ். மகள்களில் 16.4. குறைப்பிரசவம் 17.8-க்கு எதிராக 53.3. கருப்பைக்கு வெளியே கரு தங்குவது 2.9-க்கு எதிராக 14.6. பிறந்த ஒரு மாதத்துக்குள் குழந்தை இறப்பது 0.6-க்கு எதிராக 7.8. தாய் எந்த இழப்புக்குப் பயந்து மாத்திரை விழுங்கினாளோ அதே இழப்பு மகளுக்குப் பல மடங்காகப் போய்ச் சேர்ந்தது.

இவர்களுக்குச் செய்யப்பட்ட சிகிச்சைகளில் ஒன்று நம் நாட்டோடு தொடர்புடையது. பலவீனமான கருப்பை வாயைச் சுற்றித் தையல் போட்டு இறுக்கி, பிரசவ நேரம் வரை தாக்குப்பிடிக்க வைக்கும் முறை. மும்பை மருத்துவர் வி. என். ஷிரோட்கர் இதை 1955-ல் விவரித்தார். அந்தக் கட்டுரை வந்தது லண்டன் இதழில் அல்ல, சென்னையிலிருந்து வெளிவந்த 'ஆன்டிசெப்டிக்' என்ற மருத்துவ இதழில். உலகமெங்கும் ஷிரோட்கர் தையல் என்றே அது அறியப்படுகிறது. டி.இ.எஸ். மகள்களில் சிலருக்கும் இந்தத் தையல் போட்டார்கள். வாயைத் தைக்கலாம், உள்ளே இல்லாத இடத்தைத் தையலால் உண்டாக்க முடியாதே. பலர் மாதக்கணக்கில் படுத்த படுக்கையாக இருந்து பிள்ளை பெற்றார்கள். சிலர் அப்படியும் பெறவில்லை.

தாய்மார்களின் நிலைமை இன்னும் கொடுமை. ஆசைப்பட்டுப் பெற்ற மகளிடம் போய், 'உன்னைக் காப்பாற்ற நினைத்து நான் சாப்பிட்டதுதான் உனக்கு இப்படி ஆகிவிட்டது' என்று சொல்ல வேண்டும். சொல்லாமல் மறைத்தவர்களும் இருந்தார்கள். மறைத்தால் மகள் பரிசோதனைக்குப் போக மாட்டாள். கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் புத்தகக் கடை நடத்திய பாட் கோடி என்ற பெண்மணியும் அப்படி மாத்திரை சாப்பிட்ட ஒரு தாய். மற்ற தாய்மார்களையும் மகள்களையும் திரட்டி, 1970களில் 'டி.இ.எஸ். ஆக்ஷன்' என்ற அமைப்பை உருவாக்கினார். மருத்துவமனைகள் பழைய பதிவேடுகளைத் தேட வேண்டும், மருத்துவர்கள் இந்தப் பெண்களைக் கவனிக்கக் கற்க வேண்டும் என்று போராடியது அந்த அமைப்பு.

வழக்குகளும் வந்தன. சிக்கல் என்னவென்றால், இருபது வருடத்துக்கு முன் அம்மா விழுங்கிய மாத்திரை எந்தக் கம்பெனியுடையது என்று எப்படி நிரூபிப்பது? எல்லாம் ஒரே மருந்து, சீட்டும் இல்லை, கடையும் இல்லை. 1980-ல் ஜூடித் சிண்டெல் வழக்கில் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் புதிய வழி ஒன்றைக் கண்டது. சந்தையில் யார் எவ்வளவு விற்றார்களோ, அந்த விகிதத்தில் நஷ்ட ஈட்டைப் பகிர்ந்துகொள்ளட்டும் என்றது. சட்டம் படிக்கும் மாணவர்கள் இன்றும் இந்த வழக்கைப் படிக்கிறார்கள்.

1988-ல் பட்டியல் போட்ட சங்கம் பிறகு தன் பெயரை மாற்றிக்கொண்டது. 2021-ல் புதிய பட்டியல் ஒன்றையும் வெளியிட்டது. அதில் மாத்திரையின் பெயர் கொண்ட வகை இல்லை. அமெரிக்காவில் அந்த மாத்திரைக்கு ஆளான மகள்களில் மிக இளையவர்களுக்கே அப்போது ஐம்பது வயதை நெருங்கியிருந்தது. அதற்குமேல் கர்ப்பமாகப் போகிறவர்கள் அவர்களில் யாரும் இல்லை. புற்றுநோய்ப் பரிசோதனை மட்டும் அவர்களுக்கு இன்னும் முடியவில்லை, வருடா வருடம் செய்துகொள்ள வேண்டும் என்றுதான் மருத்துவர்கள் சொல்கிறார்கள்.