பால்புதுமையர் ஆய்வுகள்: மதுரை வட்டாரம்

தன்பாலீர்ப்புடையோர், இருபாலீர்ப்புடையோர், திருநங்கையர், திருநம்பியர், இடைப்பாலினர் ஆகியோரின் வரலாறு, இலக்கியம், சட்டநிலை, உடல்நலம் ஆகியவற்றை ஒருசேரப் பயிலும் கல்விப்புலம் பால்புதுமையர் ஆய்வு எனப்படுகிறது. மாக்னஸ் ஹிர்ஷ்ஃபெல்ட் 1919-இல் பெர்லினில் தொடங்கிய பாலியல் ஆய்வு நிறுவனம் இதற்கு முன்னோடி. 1933-இல் நாஜிகள் அதைச் சூறையாடி நூல்களை எரித்தனர். பல்கலைக்கழகப் பாடமாக இது வேரூன்றியது 1980-களின் பிற்பகுதியில், அமெரிக்காவில்.

மதுரைக்கு இது வந்த வழி வேறு. திருப்பரங்குன்றம், பசுமலை, நாகமலை என நகரின் தென்மேற்கே கல்வி நிலையங்கள் அடுத்தடுத்து இருந்தும், இப்புலத்துக்கு உருவம் தந்தவர்கள் பெரும்பாலும் மாணவர்கள், எழுத்தாளர்கள், வழக்குத் தொடுத்தவர்கள். பாடத்திட்டக் குழுக்கள் பின்னால்தான் வந்தன.

ஆய்வுக்கான மூலங்களுக்குத் தமிழில் பஞ்சமில்லை. ஆண், பெண் என்ற வரையறைக்குள் அடங்காத பேடியரைக் குறிக்கும் பெயர்கள் எந்தப் பாலுக்குரிய வினைமுடிபு கொள்ளும் என்பதைத் தொல்காப்பியச் சொல்லதிகாரமே பேசுகிறது. சிலப்பதிகார மாதவி ஆடிய பதினோராடல்களில் பேடும் ஒன்று. நவீன இலக்கியத்தில் சு. சமுத்திரத்தின் 'வாடாமல்லி' பரவலாக அறியப்பட்ட நாவல். பிறர் எழுதிய காலம் போய்த் திருநங்கையர் தாமே எழுதத் தொடங்கியதும் புலத்தின் தரம் மாறியது. ரேவதியின் 'உணர்வும் உருவமும்', லிவிங் ஸ்மைல் வித்யாவின் 'நான் வித்யா', பிரியா பாபுவின் 'அரவாணிகள் சமூக வரைவியல்' ஆகியவை இன்றைய ஆய்வேடுகளுக்கு அடிப்படை நூல்கள். வித்யா மதுரையில் வேலை பார்த்தவர். பிரியா பாபு மதுரையில் திருநர் வள மையத்தை நிறுவி, நூல்களையும் ஆவணங்களையும் அங்கே திரட்டினார். பல்கலைக்கழக நூலகம் செய்திருக்க வேண்டிய வேலை அது.

2011-இல் அமெரிக்கன் கல்லூரி மாணவராக இருந்த கோபி ஷங்கர், சிருஷ்டி மதுரை என்ற மாணவர் இயக்கத்தைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு ஜூலையில் மதுரையில் நடந்த வானவில் பேரணியைச் செயற்பாட்டாளர் அஞ்சலி கோபாலன் தொடங்கிவைத்தார். பாலின வகைகளுக்குத் தமிழில் பெயர் சூட்டும் முயற்சியும் இவ்வியக்கத்தில் நடந்தது. கோபி ஷங்கரின் 'மறைக்கப்பட்ட பக்கங்கள்' அதன் விளைவு.

நீதிமன்றமும் இங்கே ஒரு பாடசாலை ஆயிற்று. ஒரு திருநங்கையின் திருமணத்தைப் பதிய மறுத்த வழக்கில், உயர் நீதிமன்ற மதுரைக் கிளை நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் 22.4.2019 அன்று தீர்ப்பளித்தார். இந்து திருமணச் சட்டம் சொல்லும் மணமகள் என்பதில் திருநங்கையும் அடங்குவார் என்றது தீர்ப்பு. இடைப்பாலினக் குழந்தைகளுக்குப் பால் திருத்த அறுவை செய்வதைத் தடுக்கவும் அது ஆணையிட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில், உயிருக்கு ஆபத்தான நிலை தவிர மற்றெல்லா நேரங்களிலும் அத்தகைய அறுவைக்குத் தடை விதித்துத் தமிழக அரசு ஆணை பிறப்பித்தது.

கல்வித்துறையை நேரடியாகத் தொட்டது இன்னொரு வழக்கு. மதுரையிலிருந்து சென்னைக்குப் போய் வாழ்ந்த இரு பெண்கள், பெற்றோரும் போலீசாரும் தரும் தொல்லையிலிருந்து பாதுகாப்புக் கேட்டனர். விசாரித்த உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், தமக்கு இப்பொருளில் போதிய அறிவில்லை என்று கூறி உளவியலாளர் ஒருவரிடம் தாமே பாடம் கேட்டார்; இந்திய நீதித்துறையில் அரிதான காட்சி. 7.6.2021 அன்று அவர் இட்ட ஆணை, பாலீர்ப்பை 'மாற்றும்' சிகிச்சைக்குத் தடை விதித்ததோடு, பள்ளி, கல்லூரிப் பாடத்திட்டங்களைத் திருத்தவும் சொன்னது. அவ்வழக்கின் தொடர்ச்சியாக, மருத்துவப் பாடநூல்களிலுள்ள இழிவான பகுதிகளைத் திருத்துமாறு தேசிய மருத்துவ ஆணையம் அக்டோபர் 2021-இல் அறிவுறுத்தியது. 2022-இல் தமிழக அரசு இப்புலத்துக்கான தமிழ்க் கலைச்சொற்களை அரசிதழில் வெளியிட்டது.

இப்புலம் தமிழில் ஒருபக்கமாகவே வளர்ந்திருக்கிறது. திருநங்கையரைப் பற்றி எழுதப்பட்டவை ஏராளம். திருநம்பியர், தன்பாலீர்ப்புடைய பெண்கள், இடைப்பாலினர் பற்றியவை மிகக் குறைவு. திருநங்கையர் ஆண்டுதோறும் கூடும் கூவாகம் விழாவைப் பற்றி இன்னோர் ஆய்வேடு எழுதுவதைவிட, புதிதாக வரும் மாணவர் இந்த விடுபட்ட பக்கம் திரும்புவது நல்லது.